கடன் தொடாத கை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உடம்புக்கு வந்தால் செலவாகும் என்பதால் நீ அதற்கெல்லாம் இடம் கொடுக்கமாட்டாய்.

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. யாரோ உனக்கு அனுப்பிய உறையைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி ஒட்டி, அதில் என் முகவரியை எழுதியிருந்தாய். அதுவரை சரி, நானும் அப்படிச் செய்கிறவள்தான். ஆனால் தபால் தலையைக் குறைத்து ஒட்டியிருந்தாய். குறைந்ததற்கு இரண்டு மடங்கு கொடுத்தால்தான் தருவேன் என்று தபால்காரர் வாசலில் நின்றார். கொடுத்து வாங்கினேன். பிரித்தால் உள்ளே சிக்கனத்தைப் பற்றி நீ எழுதிய புத்தகமும் அதன் வெளியீட்டு விழா அழைப்பிதழும் இருந்தன. அடுத்தவள் காசில் மிச்சம் பிடிக்கிற வித்தை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அறுபத்து நான்கு பக்கத்தையும் புரட்டினேன். எங்கேயும் இல்லை. அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்.

புத்தகத்தை முழுவதும் படித்துவிட்டேன். சலவைக் கடையில் மத்தியான இடைவேளையில், துணி மடிக்கிற மேஜைமேல் விரித்துவைத்து, கூட வேலை செய்கிற இரண்டு பெண்களுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பற்பசைக் குழாயை வெட்டி வழித்து எடுப்பது, கரைந்த சோப்புத் துண்டுகளைப் பழைய காலுறைக்குள் போட்டுத் தேய்ப்பது, செய்தித்தாளை முடிதிருத்தும் கடையில் போய்ப் படிப்பது எல்லாம் வாசித்தேன். துணியைப் படுக்கைக்கு அடியில் போட்டுத் தூங்கினால் இஸ்திரிச் செலவு மிச்சம் என்று கடைசியாகப் பன்னிரண்டாவது யோசனை எழுதியிருக்கிறாயே, அதைக் கேட்டதும் அவர்களில் ஒருத்தி, உங்கள் தம்பி இந்தப் பக்கம் வந்தால் அவரையே படுக்கைக்கு அடியில் போடலாம் என்றாள். உன் அக்கா இத்தனை வருஷம் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துத்தான் வயிறு கழுவினாள் என்பது எழுதும்போது நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது. சாப்பாட்டு வேளை பார்த்துச் சொந்தக்காரர் வீட்டுக் கதவைத் தட்டுவதை மட்டும் ஏன் விட்டுவிட்டாய் என்று தெரியவில்லை. அதில்தான் உனக்கு முப்பது வருஷ அனுபவம்.

கூடுதல் வருமானம் என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. உன் கூடுதல் வருமானம் எது என்று எனக்குத் தெரியும். செலவு செய்யாதீர்கள் என்று சொல்லித்தர ஞாயிற்றுக்கிழமைதோறும் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறாய். இனாமாகக் கிடைத்த பள்ளிக்கூட ஹாலில் வகுப்பு நடக்கிறது. தேநீர் பாதிக் கோப்பைதான். வருகிறவர்கள் உன்னை ஆசான் என்கிறார்கள். சின்ன வயதில் சில்லறையைச் சட்டை நுனியில் முடிந்துகொண்டு, குளிக்கும்போதும் அவிழ்க்காமல் நின்ற உன்னை வீட்டில் முடிச்சு என்று கூப்பிட்டோம். முடிச்சு இன்று ஆசான் ஆகிவிட்டது. சந்தோஷம்.

இதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான். உன் கஞ்சத்தனம் உன் வீட்டுக்குள் இருக்கிறவரை நான் ஏன் பேனாவைத் தொடப்போகிறேன்? முப்பத்தோராம் பக்கத்துக்கு வந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

"கடன் தொடாத கை" என்று தலைப்புப் போட்டு என்னைப் பற்றி எழுதியிருக்கிறாய். என் மூத்த சகோதரி இளம் வயதிலேயே கணவரை இழந்தவர், பகலில் சலவைக் கடை, மாலையில் கால்சட்டைகளுக்கு விளிம்பு தைக்கும் வேலை, ஒரு காசு கடன் வாங்காமல் ஒரே மகனை ஆளாக்கினார் என்று. விழாவில் நான் மேடையேறி இதை என் வாயால் பத்து நிமிஷம் சொல்ல வேண்டுமாம். பஸ் கட்டணத்தில் ஒரு வழிக்கு மட்டும் தருவாயாம்.

என் கணவரை நான் எப்படி இழந்தேன் என்று நீ எழுதவில்லை. இடம் போதவில்லையோ என்னவோ. நானே எழுதுகிறேன். உன் அத்தானுக்கு வயிற்றுக்குள் குடல்வால் வெடித்துவிட்டது, உடனே பணம் கட்டினால்தான் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். காலை முதல் பஸ்ஸில் உன் வீட்டுக்கு வந்தேன். நீ உட்காரச் சொன்னாய், தண்ணீர் கொடுத்தாய். பிறகு நிதானமாகச் சொன்னாய்: "அக்கா, நான் இப்ப உனக்குக் கடன் குடுத்தா உனக்கு அது பழக்கமாயிடும். அப்புறம் நிறுத்த முடியாது."

என்ன பழக்கம் தம்பி? உன் அத்தான் மாதம் ஒருமுறை சாகக் கிடப்பார் என்று நினைத்தாயா? நான் எழுந்து வாசலுக்கு வந்தபோது, திரும்பிப் போகப் பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்டாய். இருக்கிறது என்றேன். உனக்கு ஒரு பெருமூச்சு வந்தது. அந்தப் பெருமூச்சை நான் இன்னும் மறக்கவில்லை.

வட்டிக்கு விடுகிறவர் என்னை நம்பிக் கொடுக்க இரண்டு நாள் ஆனது. இரண்டு நாள் முன்னால் பணத்தோடு வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டார். ஆறாம் நாள் உன் அத்தான் போய்விட்டார். அந்த வட்டியை ஆறு வருஷம் கட்டினேன். மளிகைக் கடைக்காரர் மாதக் கடைசி என்று ஒரு நாளும் சாமானை நிறுத்தவில்லை. பையனின் பள்ளிக் கட்டணத்தைத் தலைமையாசிரியை இரண்டு தடவை தன் கையிலிருந்து கட்டிவிட்டு, மூன்றாம் மாதம் வாங்கிக்கொண்டார். தையல் மிஷினை எதிர்வீட்டு பஸ் டிரைவர் மனைவி தவணைக்கு எடுத்துக் கொடுத்தாள். அந்த மிஷினை வைத்துத்தான் நீ புத்தகத்தில் போட்ட கூடுதல் வருமானம் வந்தது. என் கை கடனைத் தொட்டதில்லையாம். இந்த ஊரில் என் கை தொடாத கடனே இல்லை. எல்லாவற்றையும் அடைத்தேன், அது வேறு விஷயம். கடன் கொடுத்து எங்களைக் காப்பாற்றிய நாலு பேரில் ஒருவர் பெயர் உன் புத்தகத்தில் இல்லை. கொடுக்காத உன் பெயர் அட்டையில் இருக்கிறது.

என் தப்பு ஒன்றும் இதில் உண்டு, அதை உன் தலையில் கட்டமாட்டேன். பையனுக்கு நான் எதையும் சொல்லவில்லை. வட்டிக்காரர் வீட்டுக்கு வந்துவிடக் கூடாது என்று தேதிக்கு முன்பே போய்க் கொடுத்துவிட்டு வருவேன். நாம் யாரிடமும் கையேந்தவில்லை, தலை நிமிர்ந்து நட என்று சொல்லிச் சொல்லி வளர்த்தேன். அப்பா இல்லாத பிள்ளைக்கு அந்தப் பெருமையாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இப்போது அவன் உன் ஊரில், உன் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். பகலில் பார்சல் கிடங்கில் வேலை, மாலையில் அதே பார்சல்களை வீடு வீடாகக் கொண்டு கொடுக்கிற வேலை. செருப்பு தேய்ந்து வார் தனியாக, அடி தனியாக இருக்கிறது. மருமகளுக்குக் கண் கொஞ்சம் மங்கல் என்று எழுதியிருந்தான். போன மாதம் பத்து நாள் போய் இருந்துவிட்டு வந்தேன். அவள் வீட்டிலிருந்தபடியே சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறாள். ஊசியைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காமல், எங்கோ பார்த்தபடி தடவித் தடவி நூல் கோத்தாள். ஏன் இப்படி என்று கேட்டேன். கைக்கே பழகிவிட்டது அத்தை, கண் எதற்கு என்று சிரித்தாள்.

அந்த ஞாயிறு என்னையும் உன் வகுப்புக்கு அழைத்துப் போனான். பின்வரிசையில் இருந்த என்னைப் பார்த்து நீ கையசைத்தாய், ஞாபகம் இருக்கும். இந்த வாரம் என்ன மிச்சம் பிடித்தீர்கள் என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டாய். என் பையன் எழுந்தான். வீட்டில் ஒரு மருந்து வாங்குகிறோம், நான்கு வாரத்துக்கு என்று கொடுக்கிற பாட்டிலைப் பதினாறு வாரத்துக்கு ஓட்டுகிறோம் என்றான். ஹால் முழுக்கக் கைதட்டல். நீ ஒரு நோட்டுப் புத்தகம் பரிசு கொடுத்தாய். ஏதோ இருமல் மருந்தாக்கும் என்று நினைத்து நானும் தட்டினேன்.

மறுநாள் மருமகளோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா சொட்டு மருந்து பாட்டிலைக் கேட்டார். அதில் ஒட்டியிருந்த தேதியைப் பார்த்தார். எத்தனை வேளை விடுகிறீர்கள் என்றார். இரண்டு வேளைக்குப் பதில் ஒரு வேளை, அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இவள் சொன்னாள். அவர் சத்தம் போடவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது, இடது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற ஒரு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார். இந்த மாதம் இருபதாம் தேதி கொடுத்திருக்கிறார்கள். பதினாறுக்குள் பணம் கட்ட வேண்டும். எதற்குக் கைதட்டினேன் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து வெளியே போய் நின்றேன்.

கிடங்கில் ஊழியர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. சொற்ப வட்டி, சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், மூன்று நாளில் பணம். படிவத்தை மருமகளே வாங்கிப் பூர்த்திசெய்து வைத்திருக்கிறாள். இவன் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். போடமாட்டேன் என்கிறான். இன்னும் ஏழு மாதத்தில் முழுப் பணமும் சேர்ந்துவிடும், ரொக்கமாகவே கட்டிவிடலாம் என்று உன் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு வைத்திருக்கிறான். கண் ஏழு மாதம் காத்திருக்குமா என்று கேட்டால், அழுகை வருகிறதே தவிரக் கை வரவில்லை. கல்நெஞ்சக்காரனாக இருந்தால் ஓர் அறை விட்டிருப்பேன். அவளைக் கைபிடித்துப் படியிறக்குகிறவனை என்ன செய்வது?

கடைசியில், உன் புத்தகத்தைப் படித்த பிறகு, மறுபடியும் பஸ் ஏறிப் போய் அவனிடம் உண்மையைச் சொன்னேன். வட்டிக்காரர், மளிகைக் கடை, தலைமையாசிரியை, ஒன்று விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு என் கையைத் தடவிக்கொடுத்து, "அம்மா, கையெழுத்து வாங்குறதுக்காக நீ சொல்ற. மாமா அச்சடிச்சுப் போட்டிருக்காரே, அது பொய்யா?" என்றான்.

நான் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி என் பிள்ளை என்னை நம்பவில்லை, உன்னை நம்புகிறான். உன்மேல் எனக்கு எத்தனையோ தடவை கோபம் வந்திருக்கிறது. பொறாமை அன்றுதான் வந்தது.

நான் கேட்பதைக் கவனமாகப் படி. உன் பணம் வேண்டாம். இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். பதின்மூன்றாம் தேதிக்குள் அவனைக் கூப்பிட்டு, படிவத்தில் கையெழுத்துப் போடு என்று சொல். உண்மையைச் சொல்ல வாய் வராவிட்டால் வேண்டாம். வைத்தியத்துக்கு வாங்குவது கடனில் சேராது என்று ஒரு சட்டம் போடு. பதின்மூன்றாவது யோசனை என்று சொல். ஆசான் நீ, எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்கிற பிள்ளை அவன்.

நீ சொல்லிவிட்டால் விழாவுக்கு நான் வருகிறேன். இரண்டு வழிக்கும் என் காசிலேயே வருகிறேன். முப்பத்தோராம் பக்கத்தை ஓர் எழுத்து மாறாமல் மனப்பாடம் செய்து, உன் ஆட்கள் முன்னால் ஒப்பிக்கிறேன். கடன் கொடுத்த நாலு பேரும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்குச் செய்கிற துரோகம் என்று தெரிந்தே சொல்கிறேன். தம்பி எனக்கு வழிகாட்டினான் என்று சேர்க்க வேண்டுமானால் அதையும் சேர்த்துக்கொள். கடைசியில் எல்லாரும் கைதட்டும்போது உன் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

கடிதம் முழுக்கத் திட்டியிருக்கிறேன். ஒன்றைக் கேட்க வேண்டியவள் இப்படி எழுதக் கூடாது என்று எனக்குத் தெரியும். கிழித்துவிட்டு நயமாக எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன், உன்னிடம் எனக்கு நயம் வரவில்லை. நீ அதை மனதில் வைத்துக்கொண்டால் தண்டனையை எனக்குக் கொடு, அந்தப் பெண்ணுக்குக் கொடுக்காதே. அவள் உனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. நீ போகும்போதெல்லாம் வயிறாரச் சாப்பாடு போட்டிருக்கிறாள்.

என் வாழ்க்கையில் உன்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். இது இரண்டாவது. இந்தத் தடவை உனக்கு ஒரு காசு செலவில்லை தம்பி.

நீயும் உன் வீட்டாரும் கண் தெளிவோடு நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசலில் நிற்கிற
உன் அக்கா