மூடி போட்ட இழை

ஜனவரி 9, காலை 08.10
வெளியே மைனஸ் இருபத்திரண்டு. ஜெனரேட்டர் ஒழுங்காக ஓடுகிறது. அண்டார்டிகாவில், பனிக்கு அடியில் இருக்கும் ஏரியின் மேல் இந்தத் தகரக் கொட்டகை. உள்ளே நான், ரெஜினா, தனியாள். தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் முகாமில் பதினொரு பேர் நிம்மதியாக இருப்பார்கள். என் வாய் அப்படி.

ஏரி நீரில் டிஎன்ஏ துளியும் இல்லை. ஆர்என்ஏ மட்டும் கொட்டிக் கிடக்கிறது. இது நியாயமே இல்லை. டிஎன்ஏ இரட்டை இழை, ஜிப் போல மூடிக்கொண்டு ஆயிரக்கணக்கான வருடம் தாங்கும். ஆர்என்ஏ ஒற்றை இழை. அதன் சர்க்கரையில் கூடுதலாக ஓர் ஆக்சிஜன் துருத்திக்கொண்டு நின்று, தன் இழையைத் தானே அறுக்கும். இத்தனை காலம் எப்படிப் பிழைத்தது?

ஜனவரி 9, மாலை 17.40
வேலை முடிந்தது. ஆர்என்ஏ மிச்சமிருந்த சோதனைக் குழாயில் வெறும் விரலை முக்கிவிட்டு மூடினேன். மிச்சத்தை எறியுமுன் அழிக்க நான் எப்போதும் செய்வதுதான். நம் தோலில் இருக்கும் நொதி அதைத் துண்டு துண்டாக்கிவிடும். இருபது வருடப் பழக்கம். நகக்கண்ணில் சின்னக் கீறல், கொஞ்சம் எரிந்தது.

ஜனவரி 11, காலை 09.05
அதே குழாயைச் சும்மா சோதித்தேன். இழை முழுசாக இருக்கிறது. காரத்தில் போட்டுக் காய்ச்சினேன். எந்த ஆர்என்ஏவும் அதில் கரைந்து போகும். இது போகவில்லை. துருத்தி நிற்கும் ஆக்சிஜன் ஒவ்வொன்றின் மேலும் ஒரு மூடி இருக்கிறது. நொதிக்கும் காரத்துக்கும் பிடி கிடைக்கவில்லை.
விரலிலிருந்து மணிக்கட்டு வரை மரத்திருக்கிறது. முட்டாள் நான்.

ஜனவரி 13, பகல் 12.30
என் ரத்தத்தில் இருக்கும் டிஎன்ஏவைப் படித்துப் பார்த்தேன். மூன்று முறை. அந்த இழை என் செல்லுக்குள் போய்த் தன்னை டிஎன்ஏவாகப் மாற்றி எழுதிக்கொண்டுவிட்டது. ஆர்என்ஏவின் எழுத்தான யுராசில் இருந்த இடத்திலெல்லாம் டிஎன்ஏவின் எழுத்தான தைமின். எதிர் இழையும் பின்னியாகிவிட்டது. என் டிஎன்ஏவின் நடுவில் குடியேறிவிட்டது. இனி என் செல் ஒவ்வொன்றும் பிரியும்போது இதையும் படியெடுக்கும்.

ஒரு தட்டில் இருமினேன். அதிலும் இருக்கிறது. அப்படியென்றால் என்னோடு ஒரே காற்றை மூச்சிழுத்தால் போதும். இருபதாம் தேதி கப்பல் வந்து முகாமில் இருக்கும் எல்லோரையும் ஊருக்குக் கூட்டிப்போகும். யாரும் இங்கே வரக்கூடாது. பயமாக இருக்கிறது.

ஜனவரி 14, காலை 10.15
முகாமின் வண்டி ஓட்டுநர் செய்யதுவிடம் ரேடியோவில் பேசினேன். மேலப்பாளையத்துக்காரர், மூன்று பெண் பிள்ளைகளின் தகப்பன். அப்படியே எழுதுகிறேன்.
“செய்யது, யாரும் இங்க வராதீங்க. எனக்குத் தொத்து நோய்.”
“வராதேன்னா சொல்லுதீக? அப்போ உடனே கிளம்புதேன் மேடம்.”
“கிறுக்கு மனுஷா, சொல்றதக் கேளும்!”
“நீங்க எழுதுன சட்டந்தான மேடம்? தனியா இருக்கவுக வராதேன்னு சொன்னா, குளுரு மூளைக்கு ஏறிட்டுன்னு அர்த்தம், ஒடனே போவணும்னு.”
ஆமாம், நான்தான் எழுதினேன். போன வருடம் ஒருவர் அடுப்புப் புகையில் மயங்கிக்கொண்டே ‘நல்லாத்தான் இருக்கேன், வராதீங்க’ என்றார். அதற்குப் பிறகு எழுதியது. எவ்வளவு விளக்கியும் செய்யதும் கேட்கவில்லை, முகாமில் மற்றவர்களும் கேட்கவில்லை. உளறுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

ஜனவரி 14, பகல் 13.50
வேறு வழி யோசித்தேன். குரல் கம்முகிறது, இருந்தாலும் அதைக் கனிவாக்கிக்கொண்டு கூப்பிட்டேன்.
“செய்யது, சும்மா விளையாடினேம்ப்பா. நல்லா சாப்பிட்டேன், நல்லா தூங்கினேன். மெதுவா அடுத்த வாரம் வாங்க. பிள்ளைங்க நல்லா இருக்காங்களா?”
வண்டியின் உறுமலுக்கு மேலே அவர் குரல் வந்தது.
“மேடம், நாலு வருசத்துல நீங்க ஒரு நாளும் எம் பிள்ளைகள விசாரிச்சதில்ல. என்னமோ ஆயிட்டு உங்களுக்கு. இன்னும் நாப்பது கிலோமீட்டர். மிதிச்சு வாரேன்.”
அழுதேன். ஒரு நாளாவது மனுஷியாகப் பேசிப் பழகியிருக்கலாம்.

ஜனவரி 14, மாலை 15.20
மேசையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். இடது கை அசையவில்லை. ரேடியோவில் பேசப் பார்த்தேன். குரல் வரவில்லை. காற்றுதான் வருகிறது. அவர் மட்டும் பேசிக்கொண்டே இருக்கிறார், நான் தூங்கிவிடக் கூடாதாம்.
இதைப் படிப்பவர் யாரானாலும்: செய்யது மேல் தப்பில்லை. அவரை ஊருக்கு அனுப்பாதீர்கள். கப்பலை

15.44
வண்டிச் சத்தம்.

15.51
கதவில் கோடரி. வாய் கிழியக் கத்துகிறேன், எனக்கே கேட்கவில்லை. நிறுத்தச் சொல்லிச் சுவரைத் தட்டினேன். தட்டியது தப்பு. உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்து இன்னும் வேகமாக

மேசை நகர்கிறது
“பயப்படாதீக மேடம், நான் வந்துட்டேன்.”