அறுபத்தோராம் பக்கம்

பலெர்மோ
4 நவம்பர் 2024

அன்புள்ள சீமோன் அண்ணை,

அந்தோனியார் துணையால் நான் சுகம். ரொறன்ரோ வோபர்னில் நீங்களும் மச்சாளும் பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். நான் ரெலிபோன் எடுத்தால் வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நானும் என் புருஷன் கிளிபோட்டும் புத்தகம் கட்டிய பதிப்பகத்துக்கு நூறு வயது. அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். இரண்டு சகோதரர்கள் செபப்புத்தகம் அச்சடித்துத் தொடங்கினார்களாம். பிறகு சண்டை வந்து, மூத்தவர் தம்பியின் பெயரை அட்டையிலிருந்து எடுத்துவிட்டார். மிலான் கொம்பனி ஒன்று எல்லாவற்றையும் வாங்கியது. பிறகு பேரன் திரும்ப வாங்கினார். இந்தப் புத்தகத்தில்தான் தம்பியின் பெயர் மறுபடி வரப்போகிறது.

தொழிலாளருக்கும் பக்கங்கள் உண்டு. ஆனால் பைண்டிங் பகுதியில் எடுத்த படம் இருந்தால்தான் பெயர் போடுவார்கள். கிளிபோட் அங்கே நிற்கிற படம் ஒன்றே ஒன்றுதான், 96இல் உங்களுக்கு அனுப்பியது. என்னுடைய பிரதி வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. மார்ச்சுக்குள் வேண்டும்.

அவர் செத்து இரண்டு வருடம். நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. படத்தையாவது அனுப்புங்கோ.

தங்கச்சி ஏஞ்சலா

ரொறன்ரோ
11 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சி,

இங்கே தபால் வேலைநிறுத்தம் முடிந்த பிறகுதான் உன் கடிதம் கைக்கு வந்தது. வந்த நாள் தொடக்கம் எனக்கு நித்திரை சரியில்லை.

இங்கே மில்லிக்கனில் உனக்கு மாப்பிள்ளை பார்த்து, மண்டபமும் பிடித்துவிட்டு நான் காத்திருந்தேன். நீயோ கனடா வருகிற வழியில் பலெர்மோவில் நின்று அவனைக் கட்டினாய். படம் வந்த அன்றைக்கே உன் மச்சாளின் தையல் கத்தரிக்கோலை எடுத்து அவனை வெட்டி எறிந்தேன். உன்னை மட்டும் பிரேம் போட்டு ஹோலில் மாட்டினேன். வாற சனத்துக்கெல்லாம், தங்கச்சி இத்தாலியில் பெரிய புத்தகக் கொம்பனியில் வேலை என்று பெருமை அடித்தேன்.

உன் தோளில் இருந்த அவன் கையை மட்டும் வெட்ட முடியவில்லை. வெட்டினால் உன் தோளும் போயிருக்கும். மகள் சின்னதில் கேட்டாள், "அப்பா, உது ஆற்றை கை?" சாப்பிடு என்று நான் சோற்றைப் பிசைந்தேன்.

மிச்சப் படத்தை அனுப்புகிறேன். உனக்கு இது உதவாது. வெட்கமாக இருக்கிறது, பிள்ளை.

அண்ணன் சீமோன்

பலெர்மோ
9 ஜூன் 2025

சீமோன் அண்ணை,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று அடுப்பு மூட்டவில்லை. உங்களை மன்னிக்க இன்னும் மனம் வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

அந்தப் பாதிப் படத்தைக் கொண்டுபோனேன். புத்தகம் தயாரிக்கிற பெண், உன் புருஷன் எங்கே என்று கேட்டாள். கையைக் காட்டினேன். வேலைக்குச் சேர்ந்த வருடமே கட்டிங் மெஷினில் அவருக்குச் சுட்டுவிரல் நுனி போனது. பழைய ஆட்கள் அந்த விரலைப் பார்த்ததும், "கிளிபோட்!" என்றார்கள். ஒருவர் அழுதுவிட்டார்.

வெட்டின விளிம்போடு அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். கீழே இரண்டு பெயர்: ஏஞ்சலா. தோளில் கிளிபோட்டின் கை.

ஒரு பிரதி அனுப்புகிறேன். இத்தாலியன் தெரியாவிட்டாலும் பெயரை வாசிக்கலாம். அறுபத்தோராம் பக்கத்தைத் திறந்து, மகள் அன்றைக்குக் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கோ. சொன்ன பிறகு எனக்கு ரெலிபோன் எடுங்கோ. அதற்கு முதல் வேண்டாம்.

ஏஞ்சலா கிளிபோட்