மீற்றரில் அறுபத்தெட்டாயிரம்

இன்று காலை கோண்டாவிலில் ஒரு கராஜில் என் காரின் பின் இருக்கையைக் கழற்றினார்கள். அடியில் பற்றரிப் பெட்டி. மூடியைத் தூக்கியதும், வரிசையாக அடுக்கிய செல்களின் தலையில் சிவப்பு இலக்கங்கள் தெரிந்தன. நகத்துக்குப் பூசும் கியூட்டெக்ஸால் நீ எழுதியவை. உன் மகளின் போத்தலைக் களவாக எடுத்து வந்து, ஏச்சு வாங்கினாய். ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு போடுவது பள்ளிக்கூட நாளிலிருந்தே உன் பழக்கம்.

"ஆர் அண்ணை உதைக் கட்டினது? நல்ல கை" என்றான் கராஜ்காரன்.

"ஒரு சிநேகிதன்."

"இப்ப எங்கை ஆள்?"

"செத்துப்போனான்."

அவன் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தான். சிநேகிதன் என்ற சொல் எனக்குத்தான் வாயில் கசந்தது. உன்னை யாராவது மெச்சும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான்.

உடுப்பிட்டியில் நாங்கள் ஒரே வகுப்பு. நான் படித்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் உத்தியோகத்துக்குப் போனேன். கலியாணம் முடித்து உடுவிலில் குடியேறினேன். நீ ஊரிலேயே நின்று, வீட்டு வளவுக்குள் தகரம் போட்டு ஒரு கராஜ் திறந்தாய். முதலில் தண்ணி இறைக்கும் மெஷின், பிறகு மோட்டார் சைக்கிள், பிறகு கார். ஹைபிரிட் கார்கள் இந்தப் பக்கம் வரத் தொடங்கியபோது மற்றவர்கள் கரண்ட் அடிக்கும் என்று தள்ளி நின்றார்கள். நீ றப்பர்க் கையுறையைப் போட்டுக்கொண்டு துணிந்து கை வைத்தாய்.

என் மகளுக்குப் பிறக்கும்போதே இருதயத்தில் ஓட்டை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கொழும்பில் கிளினிக். பஸ்ஸில் கூட்டிப்போனால் அவள் துவண்டுவிடுவாள். அவளுக்கு ஆறு வயதானபோது உன்னிடம் வந்தேன். வேறு எவரிடமும் நான் அப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை.

"வடிவான கார் வேண்டாம். பெரிய கார் வேண்டாம். வழியிலை நிண்டுபோகாத கார் ஒண்டு பாத்துத் தா" என்றேன்.

நீ கொழும்புக்குப் போய், கார் விற்கும் ஒரு இடத்தில் ஒரு வெள்ளை ஹைபிரிட்டைப் பிடித்து, நீயே ஓட்டிக்கொண்டு வந்தாய். இரண்டு நாள் உன் கராஜில் வைத்திருந்து, கழுவித் துடைத்து, திறப்பை என் கையில் வைத்தாய். மீற்றரில் அறுபத்தெட்டாயிரம் கிலோமீற்றர்.

"யப்பானிலை ஒரு கிழவி கடைக்குப் போய் வந்த கார் மச்சான். தைரியமா எடு. என்ரை பொறுப்பு."

அன்று நீ என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாயா என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஞாபகம் வரவில்லை. நான் காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாங்கி எட்டாம் மாதம் அது நின்றது. கிளினிக் முடித்துத் திரும்பி வரும்போது, புளியங்குளம் தாண்டி, மாங்குளத்துக்கு இன்னும் தூரம் இருக்கும்போது, சரியான மத்தியானத்தில். மீற்றருக்குப் பக்கத்தில் சிவப்பு முக்கோண விளக்கு எரிந்தது. கார் இரண்டு தடவை குலுங்கி ஓரமாக ஒதுங்கியது. இரண்டு பக்கமும் காடு. ஏசி இல்லை. மகள் தாயின் மடியில் கிடந்து மூச்சுக்கு அலைந்தாள். அவளுடைய உதடு நீலம் பாரிப்பதைப் பார்த்துக்கொண்டே உனக்கு ரெலிபோன் எடுத்தேன். நீ "பொறு மச்சான், பொறு மச்சான்" என்றாய்.

ஒரு வெங்காய லொறி நின்றது. சாரதி இறங்கவில்லை, கதவைத்தான் திறந்தான். "பிள்ளையை ஏத்துங்கோ, கதைச்சுக்கொண்டு நிக்காதேங்கோ" என்றான். என் மனைவியும் மகளும் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு அந்த லொறியில் போனார்கள். ஒக்சிசன் கொடுத்து மகளைக் காப்பாற்றினார்கள். நான் காரோடு வீதியில் நின்றேன்.

கட்டி இழுக்க ஒரு வாகனத்தோடு நீ வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. "பற்றரி போயிட்டுது மச்சான். உது சிலநேரம் உப்பிடித்தான்" என்று காரைப் பார்த்துச் சொன்னாய். பிள்ளை எப்படி என்று கேட்கும்போதும் காரைத்தான் பார்த்தாய்.

சில வாரம் கழித்து, மகள் வாந்தி எடுத்ததால் காரை உட்புறம் கழுவினேன். காரோடு வந்த யப்பான் புத்தகத்தின் உறை மடிப்புக்குள் ஒரு சிறு துண்டு கிடந்தது. எழுத்து விளங்கவில்லை. இலக்கம் விளங்கியது. எண்ணெய் மாற்றும்போது எழுதிக் கொடுக்கும் துண்டு மாதிரி. ஒரு லட்சத்துத் தொண்ணூற்றுமூவாயிரம் கிலோமீற்றர்.

கார்க் கதவைத் திறந்து வைத்தபடி நிலத்தில் இருந்துவிட்டேன். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே இந்தக் கார் எவ்வளவு ஓடியிருக்கும் என்று சொல்லக்கூடியவன் நீ. உனக்கா தெரியாமல் போனது?

அந்தத் துண்டை மணிபர்சில் வைத்துக்கொண்டேன். உன் முகத்தில் எறிய வேண்டும் என்று. எறியவில்லை. முதலில், வேறு ஒருவருக்கும் அந்தப் பற்றரியைத் திருத்தத் தெரியாது என்பதால். பிறகு வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். பழைய கார்கள் கைக்கெட்டாத விலைக்குப் போயின. அந்தக் கார் ஓடினால்தான் என் பிள்ளைக்குக் கிளினிக். அது ஓட நீ வேண்டும்.

நீயும் ஓட வைத்தாய். அடிபட்டு நொறுங்கிய கார்களைத் தேடி வவுனியா வரை போய், நல்ல செல்களைப் பொறுக்கி வந்து, ஒவ்வொன்றாகச் சோதித்து அடுக்கினாய். கூலி என்று வாய் திறந்ததில்லை. தேத்தண்ணி குடிக்கவும் உள்ளே வரமாட்டாய். எந்தக் கடனை நீ தவணையாகக் கட்டுகிறாய் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது.

அதில் எனக்கு ஒரு ருசி வந்துவிட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வைப்பர் கீச்சிட்டால் உனக்கு ரெலிபோன். கதவுப் பிடி இறுகினால் ரெலிபோன். ஒரு தடவையும் நீ மறுத்ததில்லை. "வாறன் மச்சான்" என்பாய். உன் கால்கள் காருக்கு வெளியே நீட்டியபடி கிடக்க, நான் பக்கத்தில் கதிரை போட்டுப் பேப்பர் வாசிப்பேன். "என்னப்பா, அந்த மனிசனை உப்பிடி அலைக்கழிக்கிறியள்?" என்று என் மனைவி கேட்பாள். நான் பக்கத்தைத் திருப்புவேன்.

கடைசித் தடவை, பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலம். பற்றரியைக் குளிர வைக்கும் விசிறி சத்தம் போட்டது. கார் ஓடத்தான் செய்தது. ஒரு கிழமை பொறுத்திருக்கலாம். நான் உன்னைக் கூப்பிட்டேன்.

"மச்சான், இரண்டு மூண்டு நாளா மூச்சு வாங்குது. வெள்ளிக்கிழமை வரட்டே?"

ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க இருதயக்காரருக்கு மருந்து எண்ணிக் கொடுக்கிறவன் நான். மூச்சு வாங்குது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா?

"நாளைக்குப் பிள்ளைக்குக் கிளினிக்" என்றேன்.

கிளினிக் அடுத்த கிழமை. அது பொய்.

நீ சைக்கிளில் வந்தாய். நிழலுக்கு ஒரு மரம் இல்லாத வல்லை வெளியைத் தாண்டி, இருபது கிலோமீற்றருக்கு மேல். ஆஸ்பத்திரி ஊழியர் என்று எனக்குக் கிடைத்த பெற்றோல் என் மோட்டார் சைக்கிளில் இருந்தது. வந்து உன்னை ஏற்றியிருக்கலாம். அந்த எண்ணம் வந்தது, வராமல் இல்லை.

விசிறிக்குள் அடைத்திருந்த தூசியை ஒரு பிரஷால் தட்டினாய். இரண்டு தடவை எழுந்து மதிலில் சாய்ந்து நின்றாய். வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே, "மச்சான், உன்னோடை ஒண்டு கதைக்கவேணும். கனநாளா..." என்றாய்.

எனக்கு விளங்கிவிட்டது. அத்தனை வருஷமாக நான் காத்திருந்த கதை. அதைச் சொல்லிவிட்டால் உன் மனம் சுகமாகிவிடும். அந்தச் சுகத்தை நான் தர விரும்பவில்லை.

"முதல் அந்த மூடியைப் பூட்டு. பிறகு கதைப்பம்" என்றேன்.

பூட்டினாய். நான் வீட்டுக்குள் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீயும் இல்லை, சைக்கிளும் இல்லை. நாலாம் நாள் உன் கராஜ் கதிரையில் இருந்தபடியே போய்விட்டாய்.

எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த அன்று உன் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டாள். "அண்ணை, அந்தக் காரின்ரை மீற்றரைக் குறைச்சுத்தான் இவருக்கு வித்தவங்கள். இஞ்சை கொண்டுவந்து கழட்டிப் பாக்கத்தான் தெரிஞ்சது. உங்கடை காசு முழுக்கக் குடுத்தாச்சு. ஏமாந்துபோனன் எண்டு உங்களிட்டைச் சொல்ல வெக்கப்பட்டு, ஒண்டும் சொல்லாமல் தந்திட்டார். கடைசி வரைக்கும் அதையே சொல்லி அழுதவர்."

நீயும் ஏமாந்தவன். அது தெரிந்தால் கோபம் தணியும் என்று நினைப்பார்கள். தணியவில்லை. திறப்பைத் தருவதற்கு முன் இரண்டு நாள் அந்தக் கார் உன்னிடம் இருந்தது. அந்த இரண்டு நாளில் ஒரு வசனம் சொல்லியிருந்தால், நான் பழசென்று தெரிந்துகொண்டே அதை எடுத்திருப்பேன். மாங்குளம் வீதியில் என் பிள்ளை அப்படிக் கிடந்திருக்க மாட்டாள்.

மகளுக்கு ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. இப்போது பதினாறு வயது, சைக்கிளில் ரியூஷனுக்குப் போகிறாள். இறக்குமதியும் திரும்பத் திறந்துவிட்டது. காரை விற்றுவிடுங்கள் என்று மனைவி சொல்ல, போன கிழமை கொழும்புத்துறையிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். தாயை ஆஸ்பத்திரிக்கு ஏற்றியிறக்க வேண்டுமாம்.

"மீற்றர் சரிதானே அண்ணை?"

"இல்லை. குறைச்சது. அதிலை காட்டிறதோடை இன்னும் ஒண்டேகால் லட்சம் கூட்டுங்கோ."

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு லேசாக வந்தது அந்த வசனம், தெரியுமா? ஒரு மூச்சு நேரம்கூடப் பிடிக்கவில்லை.

இன்று கராஜ்காரன் பெட்டி முழுவதையும் சோதித்துவிட்டு, "இனித் திருத்தி வேலையில்லை அண்ணை. உடைச்சு விப்பம், நல்ல செல்லுகள் ஆருக்கும் உதவும்" என்றான். ஓம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். காரின் கதை முடிந்தது.

முடியாதது ஒன்று இருக்கிறது. போன மாதம் உன் திவசம். வாழையிலைக்கு முன்னால் நான் இருந்தேன். உன் மனைவி சோறு போட்டுக்கொண்டே பக்கத்தில் இருந்தவருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்: "அண்டைக்கு ஏலாமல் கிடந்தவர். போகாதேங்கோ எண்டு சைக்கிளைப் பிடிச்சு மறிச்சனான். நாளைக்குப் பிள்ளைக்குக் கிளினிக், நான் போகாட்டி ஆர் பாக்கிறது எண்டிட்டு வெளிக்கிட்டவர். ஒரு பிள்ளையின்ரை உயிருக்காண்டிப் போனவர் எண்டு நினைச்சுத்தான் நான் மனதை ஆத்திறன் அண்ணை."

நான் ஓம் என்றேன். அவள் பருப்பு விட்டாள். பிசைந்து சாப்பிட்டேன்.

"பிள்ளை இப்ப சுகமோ?" என்று கேட்டாள்.

"சுகம்" என்றேன். அன்று அவளுக்கு நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.