கறுப்பு றப்பர் பூட்டின படகுகள்

2025 மே 19, திங்கள்

விக்ரோரியா டே லீவு. கால்வாயில் படகை ஏற்றி இறக்குகிற பொப்கேஜன் லொக்குக்குப் போனோம். நான் ஓட்ட, இவர் பக்கத்தில் இருந்து "ஸ்பீட் கூடிப்போச்சு, ஸ்பீட் கூடிப்போச்சு" என்று வழியெல்லாம் புராணம். முப்பது வருசம் ரொறன்ரோவில் ரக்சி ஓடின மனுசன். வேறு யார் ஓடினாலும் பிழை பிடிக்காமல் இருக்க மாட்டார்.

இந்த வருசத்தின் முதல் படகு அகப்பட்டது! "டீல்". இப்போது பச்சை அடித்து, வேறு பெயர் வைத்து, ஆள் மாறி நிற்கிறது. என்னட்டை ஒளிக்கலாமோ? பின்னால் இரட்டை ஜன்னல் டீலுக்கு மட்டும்தான். சுற்றிவரக் கறுப்பு றப்பர், ஒரு சாண் அகலம். வாடகைக்கு விட்ட படகுக்குத்தான் அப்படிப் பூட்டியிருப்பார்கள். வாடகைக்கு எடுக்கிற ஆக்கள் எங்களைப்போல ஒன்றும் தெரியாத ஆக்கள், கண்ட கண்ட இடத்தில் கொண்டுபோய் இடிப்பினம் எல்லோ. புது முதலாளி பெயின்ரை மாற்றுவான், பெயரை மாற்றுவான், றப்பரைக் கழற்ற மட்டும் பஞ்சிப்படுவான்.

லொக் கதவு பூட்டி, தண்ணீர் நிரம்பி, டீல் மெல்ல மெல்ல மேலே வந்தது. எத்தனை தரம் பார்த்தாலும் அலுக்காது. இவர் வழக்கம்போலக் கார் பார்க்கிங்கில். கண்ணாடியை ஏற்றிவிட்டு யூரியூப்பில் அரசியல்.

ஒன்று எழுத வேண்டும். படகின் புதுப் பெயரை என்னால் வாசிக்க முடியவில்லை. பெரிய எழுத்துத்தான். நேரே பார்த்தால் நடுவில் ஒரு ஊத்தை ஒட்டின மாதிரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். திரும்பவும் துடைத்தேன். கடைசியில் பக்கத்தில் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டு நின்ற பெட்டையிடம் கேட்டேன்.

மே 20

இவருக்குச் சொல்லவில்லை. பாப்பம்.

மே 31, சனி

பேர்ணடெற் ரெலிபோன் எடுத்தாள். "என்னடி, படகு வேட்டை துவங்கியிட்டுதோ?" என்று பகிடி. இந்த விசர் எனக்கு எப்படிப் பிடித்தது என்று அவளுக்குத்தான் தெரியும்.

மிசிசாகாவில் பிளேனுக்குச் சாப்பாடு கட்டுகிற கிச்சினில் நானும் அவளும் இன்னும் நாலு பேரும் ஒரே பெல்ற்றில் நின்றோம். பிள்ளைகள் வளர்ந்த பிறகு, ஒரு கோடையில், ஆறு பேரும் சேர்ந்து மூன்று நாளைக்குப் படகு வாடகைக்கு எடுத்தோம். படுக்கை, குசினி, குளியலறை எல்லாம் உள்ளுக்கே. புருசன்மார் இல்லை. ஆருக்கும் தேத்தண்ணி ஊத்த வேண்டாம். அந்தக் கொம்பனியின் படகு எல்லாவற்றுக்கும் பறவைப் பெயர். எங்களுக்குக் கிடைத்தது "ஹெரன்". நாங்கள் "கொக்கு" என்றோம். பேர்ணடெற் ஓட்டினாள், நான் வழி சொன்னேன். பாலத்தில் இடித்தோம், கரையில் இடித்தோம், ஒருக்கால் சும்மா நின்ற இன்னொரு படகிலும் இடித்தோம். சம்பலுக்குச் செத்தல் மிளகாய் பொரிக்க ஸ்மோக் அலாம் அடித்து, பக்கத்துப் படகு வெள்ளைக்காரர் தும்மித் தும்மி வாளியோடு ஓடி வந்தார். அவருக்குப் புட்டும் சம்பலும் கொடுத்து அனுப்பினோம். என்ரை ஆயுசில் நான் அப்படிச் சிரித்தது இல்லை.

கொவிட்டோடு அந்தக் கொம்பனி பூட்டுப்பட்டது. படகுகளை விற்றார்கள். ஒன்று சிம்கோ ஏரிக்கு, ஒன்று மஸ்கோகாவுக்கு, சிலது ரிடோ கால்வாய்ப் பக்கம். அன்றைக்குத் தொடங்கினேன். கலியாண வீட்டுக்குப் போனாலும் வழியில் தண்ணி கண்டால் காரை நிற்பாட்டிப் பார்ப்பேன். லூன், டீல், ஒஸ்பிறே எல்லாம் எங்கேயோ ஒரு கரையில் அகப்பட்டுவிட்டன. எங்கட கொக்கை மட்டும் இன்னும் காணவில்லை.

ஜூன் 12, வியாழன்

கண் டொக்ரர். மகள் பிரதீபா விட்பியிலிருந்து லீவு போட்டு வந்தாள். டொக்ரர் சொல்லச் சொல்ல அவள் தமிழில் சொன்னாள். கண்ணுக்குப் பின்னால் நடுப்பகுதி பழுதாகிக்கொண்டு போகிறதாம். வலது கண்ணில் கசிவு, அதற்கு மாதா மாதம் ஊசி. இடதிலும் தொடங்கிவிட்டது. ஊசியால் கெடுகிறதை மெதுவாக்கலாம், போனதைத் திரும்ப எடுக்க முடியாது.

"அம்மா, ஐ'ம் சோ சொறி, பட் நீங்கள் இனி ட்ரைவ் பண்ண ஏலாது" எண்டு கார்த் திறப்புக்குக் கையை நீட்டினாள். குடுத்திட்டன்.

முழுக்கக் குருடாகாதாம். சுத்திவரத் தெரியுமாம், நடுவிலைதான் போகுமாம். ஐயோ, நடுவிலை போனா மிச்சம் என்ன இருக்கு? நான் பாக்க விரும்புறது எல்லாம் நடுவிலைதானே நிக்குது. பிள்ளையின்ரை முகம். எழுத்து. கொக்கை இனி ஆர் கண்டுபிடிக்கிறது? எனக்கு முன்னாலை வந்து நிண்டாலும் எனக்குத் தெரியப்போறேல்லை.

ஜூன் 13

கண்ணுக்குள் ஊசி போட்டது அவ்வளவு நோகவில்லை. வீட்டு வாசலில் காரைக் கண்டதும்தான் அழுதேன்.

ஜூலை 6, ஞாயிறு

சண்டை.

நல்ல வெயில். இந்த நேரம் லொக் எல்லாம் படகு நிரம்பி நிற்கும். நான் அஜின்கோர்ட் வீட்டு ஜன்னலுக்குள் இருந்து பக்கத்து வீட்டுக் குப்பை வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் ஆறுதலாகத்தான் சொன்னார்: "உதுக்கேன் இவ்வளவு யோசினை? போனிலை பெரிசாக்கிப் படம் பாக்கலாம்தானே."

எனக்கு எங்கேயிருந்து வந்ததோ தெரியாது. "உங்களுக்கு என்ன தெரியும்? ஒரு நாளெண்டாலும் கரைக்கு இறங்கி வந்தனீங்களோ? காருக்குள்ளை குந்திக்கொண்டு இருந்ததைத் தவிர என்னத்தைக் கண்டனீங்கள்?" எண்டு கத்திப்போட்டன்.

அவர் எழும்பிப் போய்விட்டார்.

ஏன் வாய் விட்டேன்? ஏன் வருகிறாரில்லை என்று எனக்குத் தெரியாதா? சண்டைக் காலத்தில் கிளாலிக் கடலை இரவில் படகில் கடந்து வந்தவர். முன்னால் போன படகு கரை சேரவில்லை. அதில் இவருடைய தம்பி இருந்தார் என்று மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கனடாவுக்கு வந்து இவ்வளவு காலத்தில் சென்ரர் ஐலண்ட் போகிற பெரிப் படகில்கூட இவர் ஏறினதில்லை. பிரதீபா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அழுது கேட்டும் ஏறவில்லை. நானும் ஒருநாளும் வாங்கோ என்று கேட்டதில்லை, ஏன் என்று கேட்டதுமில்லை. இன்றைக்கு என்ரை நாக்குக்கு என்ன வந்தது?

பின்னேரம் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்தார். சீனி அள்ளிக் கொட்டியிருந்தார். குடித்தேன்.

ஜூலை 19, சனி

காலமை, "வெளிக்கிடும், பீற்றர்பரோ போவம்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. சேலையை எடுத்து உடுத்திப்போட்டுத் திரும்பக் கழற்றிக் காற்சட்டை போட்டேன், அவ்வளவு அந்தரம்.

காரை நிற்பாட்டினார். நான் இறங்கினேன். அவரும் இறங்கினார். பார்க்கிங் தாண்டி, புல்லுத் தாண்டி, லொக்கின் கொங்கிறீற் கட்டுக்கு ஒரு காருடைய நீளம் இருக்கும்போது நின்றுகொண்டார். அதற்கு மேல் ஒரு அடி வைக்கவில்லை. காணும். எனக்கு அதுவே போதும்.

"ஒரு படகு வருது."

"என்ன மாதிரி?"

"வெள்ளை."

"உலகத்திலை இருக்கிற படகெல்லாம் வெள்ளைதான். றப்பர் இருக்கோ?"

"இருக்கும்."

"இருக்கும் எண்டா? பாத்துச் சொல்லுங்கோ!"

"எனக்கென்ன தெரியும், அது பாட்டுக்குப் போகுது."

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நேரே பார்த்தால் மங்கலாக இருக்கிறது, தலையைத் திருப்பிக் கடைக்கண்ணால் பார்த்தால் கொஞ்சம் பிடிபடுகிறது. அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றேன். "இந்த வயசிலை ஆருக்குக் கடைக்கண் காட்டுறீர்?" என்றார். போங்கோ என்றேன்.

ஆகஸ்ட் 3

லேக்பீல்ட். இன்று கட்டு வரைக்கும் வந்தார். கம்பியைப் பிடித்த கை வெளுத்துப்போயிருந்ததாம், அவரே சொன்னார். றப்பருக்கும் கயிற்றுக்கும் வித்தியாசம் இப்போது தெரியும். ஜன்னல் எண்ணுகிறார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

படகு பார்க்கிற ஆக்களின் பேஸ்புக் குழுவை எனக்கு இவர்தான் இப்போது வாசித்துக் காட்டுகிறார். இங்கிலிஷில் வாசித்து, தமிழில் விளங்கப்படுத்தி, தன்ரை விமர்சனமும் சேர்த்து. இன்று வாசிக்கும்போது இடையில் நின்றுவிட்டார்.

"இஞ்சாரும். மெரிக்வில்லிலை ஒண்டு நிக்குதாம். கறுப்பு றப்பர். பழைய பேர் ஒருத்தருக்கும் தெரியாதாம். மிச்சம் எல்லாத்தையும் இவையள் கண்டிட்டினமாம். ஹெரன் ஒண்டுதான் கணக்கிலை இல்லையாம்."

மெரிக்வில் ரிடோ கால்வாயில். நாலு மணித்தியால ஓட்டம். "தூரம்" என்றேன். "ரக்சி ஓடினவனுக்குத் தூரம் சொல்லுறீரோ" என்றார்.

ஆகஸ்ட் 23, சனி

எழுத்து எப்படி வருகிறதோ தெரியாது. எழுதத்தான் வேண்டும்.

லொக்குக்குக் கிட்டக் கரையோடு கட்டி நின்றது. இவர் சுற்றி நடந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். றப்பர் இருக்கு. ஏணி இடப்பக்கம். முன் கண்ணாடிக்குக் கீழே பழைய பெயர்ப்பலகை கழற்றின ஓட்டைகள். சொந்தக்காரி சீமோன் என்று ஒரு பிரெஞ்சுக்காரி, தலை முழுக்க நரை, புருசன் செத்த பிறகு கோடை முழுக்கப் படகிலேயே இருக்கிறாளாம். வாங்கும்போதே பெயர் இல்லை என்றாள். பிறகு, "உள்ளுக்கு வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டாள்.

எனக்கு ஆசை. ஆனால் கரைக்கும் படகுக்கும் நடுவில் இடைவெளி எவ்வளவு என்று தெரியவில்லை. காலைத் தூக்கினேன், வைத்தேன், திரும்பத் தூக்கினேன். அந்த நடுத்தான் எனக்குத் தெரியாதே.

பக்கத்தில் செருப்புச் சத்தம். இவர் என்னைத் தாண்டிப் போய்ப் படகில் ஏறினார். ஏறி, திரும்பி, கையை நீட்டினார். "பிடியும்." கை ஐஸாகக் குளிர்ந்து, வேர்வையில் நனைந்திருந்தது. "ஒரு முழம் எட்டி வையும். வையும். ம்ம்."

உள்ளே எல்லாம் மாற்றிவிட்டாள். புதுக் குசினி, புதுக் கதிரை, புது நிலம். நான் தடவித் தடவிப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. மனம் விட்டுப் போச்சுது. கொக்கோ வேறொன்றோ, இனி ஆர் சொல்லுறது? போவம் என்று சொல்ல இவரைத் தேடினால் ஆளைக் காணோம். பயத்தில் மனுசனுக்கு ஒண்டுக்கு முட்டிவிட்டதாம், சீமோனைக் கேட்டுக் குளியலறைக்குள் போயிருந்தார்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம். "இஞ்சாரும்! இஞ்சை ஓடிவாரும்!"

மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"கண்ணாடி மூலையிலை பொட்டு. ஒட்டுப் பொட்டு. ஒண்டில்லை, கனக்க."

எங்கட பொட்டு! இரவில் முகம் கழுவும்போது பொட்டைக் கழற்றிக் கண்ணாடியில் ஒட்டுகிறது எங்களுடைய பழக்கம். ஆறு பொம்பிளைகள், மூன்று இரவு. அவசரத்தில் இறங்கினபோது ஒருத்தியும் எடுக்கவில்லை. நானே மறந்துபோனேன். சீமோன், யாரோ குழந்தை ஒட்டினது என்று நினைத்தாளாம். காலமை முகம் கழுவும்போது பார்க்க வடிவாக இருக்கிறது என்று கண்ணாடியை மட்டும் மாற்றவில்லையாம்.

இவர் என்ரை விரலைப் பிடித்து ஒவ்வொன்றிலும் வைத்தார். "இது நீட்டு." நீட்டு பேர்ணடெற்றின்ரை. "இது சின்னன், கடுகு மாதிரி. இது பெரிசு, வட்டம்." அது நான். அழுகை வந்தது. சந்தோசத்திலைதான், ஆனா நல்லா அழுதன்.

அந்த நேரம் ஒரு மோட்டர் படகு கிட்டப் போக, அலையில் எல்லாம் ஆடியது. இவர் கை கழுவுகிற பேசினைப் பிடித்துக்கொண்டார். "வாங்கோ, இறங்குவம்" என்றேன். "கொஞ்சம் பொறும், இன்னும் படுக்கையறை சொல்லேல்லை" என்றார்.

திரும்பி வரும் வழியில், கிங்ஸ்ரன் தாண்டினபிறகு, "தம்பி இருந்திருந்தா இண்டைக்கு என்னைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான்" என்றார். கலியாணம் கட்டின நாளிலிருந்து தம்பியைப் பற்றி என்னிடம் அவர் கதைத்தது இதுதான் முதல் தரம். நான் அவருடைய முழங்காலில் கை வைத்துக்கொண்டு வந்தேன்.

செப்ரெம்பர் 20

எழுதின வரிக்கு மேலேயே திரும்ப எழுதுகிறேன் போல. இதோடு காணும்.

ஒக்ரோபர் 12, ஞாயிறு

இது தில்லையம்பலம். மனைவி யோகமலர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பழைய பக்கங்களைப் புரட்டக் கூடாது என்று உத்தரவு. புரட்டவில்லை. புரட்டினாலும் என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் இருக்கப்போவதில்லை. (வாசித்துக் காட்டினேன், இதை எழுதச் சொல்லவில்லை என்கிறா.)

இன்று பெனலன் போல்ஸ். நல்ல குளிர். லொக்கை இந்த வருசத்துக்குப் பூட்டப் போகிறார்கள். கடைசியாக ஒரு படகு வந்தது. நீலம். கறுப்பு றப்பர், இடப்பக்கம் கிழிந்து தொங்குகிறது. ஏணி வலப்பக்கம். பின்கதவுக்குப் பக்கத்தில் வட்ட ஜன்னல். நான் கட்டின் விளிம்பில் நின்று சொன்னேன், அவ கதிரையில் இருந்து கேட்டா. "வட்ட ஜன்னலெண்டா ஒஸ்பிறே. அது சிம்கோவிலையெல்லோ நிண்டது?" என்றா. படகுக்காரரைக் கேட்டேன். ஒஸ்பிறேதான். போன மாதம்தான் சிம்கோவிலிருந்து வாங்கினாராம். சந்தோசம் எண்டு எழுதுங்கோ என்றா. சந்தோசம்.

காணும், கொப்பியை மூடுங்கோ என்றா. நான் மூடவில்லை. ஒரு கிழமையாக ஒரு விசயம் வாயால் சொல்ல வருகுதில்லை. அதால் இதில் எழுதுகிறேன்.

வாற மே மாதம், லொக் திறக்கிற கிழமை, மூன்று நாளைக்கு வேறொரு கொம்பனியில் ஒரு படகு வாடகைக்குப் பதிந்திருக்கிறேன். ஆக்கள் இரண்டு பேர். நான் ஓட்டுவது, அவ இடிக்காமல் வழி சொல்வது.

"என்ன இவ்வளவு நேரமா எழுதுறியள்? வாசியுங்கோ பாப்பம்" என்றா.

வாசித்தேன்.

கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டா. பிறகு, "உங்களுக்கு ஏலுமே?" என்று கேட்டா.

"தெரியாது" என்றேன்.

"அந்தக் கடைசித் துண்டைத் திரும்ப வாசியுங்கோ" என்றா.

வாசித்தேன்.