சிவராத்திரிக்கு மறுநாள் எண்ணிய தலைகள்

அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். நேரில் சொன்னால் அடிப்பீர்கள் என்று பயம். ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருக்கிறது.

சிவராத்திரிக்கு மறுநாள் நம் பள்ளியில் பிள்ளைகளை எண்ண அதிகாரி வந்தார். அன்று ஊரே குலசாமி கோவிலில் இருந்தது. என்னையும் நீங்கள்தான் கூட்டிப்போனீர்கள். அவர் காலி வகுப்புகளைப் பார்த்துவிட்டு, இதை மூடி அடுத்த ஊர்ப் பள்ளியோடு சேர்க்கலாம் என்று எழுதிக்கொண்டு போனார்.

இன்று பள்ளியில் நடந்த கூட்டத்தில் பெற்றோர் சார்பாக நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். நான் சன்னலுக்கு வெளியே நின்றேன்.

"சாமி கும்பிட ஸ்கூலையே காலி பண்ணிட்டுப் போவீங்களோ?" என்று அந்த அதிகாரி கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். "இன்னொரு நாள் வந்து பாருங்க சார்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளியை மூடச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டீர்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் என்ன சொன்னீர்கள்? "ஒயின்ஷாப்பத் தாண்டி அம்புட்டுத் தூரம் பொம்பளப்பிள்ளைய எப்படி அனுப்புறது? ஏழோட நிக்கட்டும்."

கையெழுத்துப் போடும்போது அந்தக் கடை அங்கே இருப்பது தெரியாதா? பள்ளியை மூடுவதென்றால் பிள்ளைகள் இருக்கும் நாளில் வந்து எண்ண வேண்டும். நடக்கப்போகிற எங்களோடு அந்த ரோட்டில் நடந்து பார்த்துவிட்டு முடிவுசெய்ய வேண்டும்.

நாளைக்கே அவரிடம் போய் இதைச் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் என்னையும் கூட்டிப்போங்கள். கோவிலுக்குக் கூட்டிப்போனீர்களே, அதுபோல.

இப்படிக்கு,
ஏழோடு நிற்கமாட்டேன் என்கிற
உங்கள் மகள்