கைப்பையில் ரெகுலேட்டர்

மார்ச் 4
நான் வேலை பார்க்கும் ஆங்கில–தமிழ் அகராதிக்கு இன்று ‘ரூல்’ என்ற சொல். லத்தீனில் ‘ரெகுலா’: கோடு போடப் பக்கத்தில் வைக்கும் நேரான குச்சி. விதி, ஆட்சி எல்லாம் பிறகு வந்த அர்த்தங்கள். சொல்லின் பிறப்பிலிருந்து வாழ்க்கைப் பாடம் எடுப்பவர்களை எனக்குப் பிடிக்காது. மூலத்தைக் குறித்து, ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் எழுதிக் கொடுத்தேன்.

அம்மா போன வாரம் கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்துபோனாள். அன்றிலிருந்து வேலைக்குக் கிளம்பும்போது சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்கிறேன். அவளுக்குச் சாப்பாடு ஹாட்பாக்ஸில்.

மார்ச் 5
அகராதியின் உதவி ஆசிரியை என் எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் படித்துவிட்டுச் சிரித்தாள். “யாரு அக்கா இந்த ஜெயிலர்?”
‘நான் இல்லாதபோது அடுப்பைத் தொடக்கூடாது என்பது இந்த வீட்டின் விதி.’
அதை அடித்துவிட்டுக் கால்பந்து விதியைப் பற்றி எழுதினேன்.

மார்ச் 6
அம்மா என்னை ‘மேடம்’ என்கிறாள்.

மார்ச் 9
மாடிப்படியில் எதிர்வீட்டுக்காரி நிறுத்தினாள். எங்கள் வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டதாமே, தன்னிடம் ஒரு சிலிண்டர் சும்மா கிடக்கிறதாம்.

மதியம் அம்மாவின் சிநேகிதி வந்திருக்கிறாள். ஒரு வாய் டீ கொடுக்க முடியவில்லை. தீர்ந்துபோச்சு என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அம்மாவிடமே கேட்டேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பின்ன என்ன சொல்ல? எம்பொண்ணு கழட்டி எடுத்துட்டுப் போயிட்டான்னா?”

என் மானத்தைக் காப்பாற்ற அவள் பொய் சொல்லணுமா? பயந்துதானே செஞ்சேன் — பயம் மட்டும்தானா? பையைத் தூக்கும்போது ஒரு திருப்தி இருந்துச்சே. அது எதுக்கு?

மார்ச் 10
ரெகுலேட்டரைத் திரும்ப மாட்டிவிட்டேன். கேஸ் கசிந்தால் அலறும் கருவி ஒன்றும் வாங்கி வைத்தேன். மன்னிப்புக் கேட்கப் போனவள் அம்மாவிடம் சொன்னது இதுதான்:
“உன் அடுப்பு. நீயே பாத்துக்க.”

மார்ச் 17
அம்மா இன்னமும் சமையலறைக்குள் கால் வைக்கவில்லை. பிஸ்கட்டைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிடுகிறாள். பாலைச் சுடவைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாமாம். நானே மூடிய கதவு. திறந்து வைத்தால் மட்டும் போதுமா?

மார்ச் 22
ஞாயிறு. சிநேகிதி மறுபடியும் வந்தாள். என் அறையில் இருந்தேன். லைட்டர் சத்தம். மறுபடியும். சமையலறை வாசல்வரை போய்விட்டேன்.

“டீத்தூள எங்க வச்ச?”

சொன்னேன்.

“சரி. உள்ள வராத.”

போகவில்லை. இரண்டு டம்ளர்களோடு என்னைத் தாண்டிப் போனாள். எட்டி அடுப்பைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. அணைத்திருந்தாள்.

நான் எட்டிப் பார்ப்பதை அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள்.