அப்பாவின் டிரைவர்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் ஒன்று அழுகிறோம், இல்லை சண்டை போடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

காரை விற்றுவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு பழைய ஜீப் வாங்கியிருக்கிறேன்.

அப்பாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்ததிலிருந்து சாயங்காலமானால் போதும், சைட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கேட்டைப் பிடித்து உலுக்குவார். பிடித்து இழுத்தால் அடிப்பார். போன வாரம் கல்குவாரி முதலாளி வீட்டில் ஏசி ரிப்பேர். வீட்டில் யாரும் இல்லாததால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே வாசலில் ஒரு ஜீப் நின்றது. கான்வாஸ் கூரை, கல்லும் சேறும் ஏறி இறங்குகிற பெரிய டயர். சாலைத் துறையில் இன்ஜினியராக இருந்த காலத்தில் அவருக்குக் கொடுத்திருந்தார்களே, அதே ரகம். விறுவிறுவென்று போய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, "என்ன டிரைவர், கிளம்பலாமா?" என்றார்.

முதலாளியிடம் சாவி வாங்கி இரண்டு தெரு சுற்றிவந்தேன். அன்று ராத்திரி அப்பா அடம்பிடிக்காமல் சாப்பிட்டார். அக்கா, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் தூங்கினோம். மறுநாளே முதலாளியிடம் விலை பேசி அந்த ஜீப்பையே வாங்கிவிட்டேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

வங்கியிலிருந்து திரும்பிய உன் தம்பி மனைவி வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். "குடும்பத்துக்கு வண்டி கேட்டா பீரங்கிய ஓட்டிட்டு வந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உன் தம்பி

---

ஜனவரி 30

அன்புத் தம்பிக்கு,

திட்டவில்லை. கேட்கிறேன். நோய்க்கு டாக்டரைப் பார்ப்பார்களா, ஜீப் வாங்குவார்களா? அந்த வண்டிக்குக் கதவு என்று ஒன்று உண்டா? அப்பாவுக்கு வயதென்ன, அந்தப் படியின் உயரமென்ன? குழந்தைகளைப் பின்னால் எப்படி உட்காரவைக்கிறாய்?

இந்த மாதிரி நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லங்கள் இருக்கின்றன. செலவு என்னுடையது. நீயும் மனுஷன்தானே, எத்தனை நாள் தாங்குவாய்?

ஆய்வகத்தில் எனக்கு லீவு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது. வர முடியாதவள் புத்தி சொல்கிறாள் என்று நினைக்காதே.

அப்பா என்னைக் கேட்கிறாரா?

அக்கா

---

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. நேற்றுதான் கான்வாஸைத் தைத்து முடித்தேன். மழை வந்தால் வெளியே நிற்கிறவனைவிட உள்ளே இருக்கிறவன்தான் அதிகம் நனைகிறான்.

எங்கள் காலை நேரத்தைச் சொல்கிறேன், சிரிப்பாய். முன்சீட்டில் அப்பா, மடியில் பழைய ஃபைல். பின்னால் எதிரெதிர் பெஞ்சில் உன் மருமகள்கள் இருவரும், என் கருவிப் பையும், அந்தந்த நாளைக்கு ஒரு ரிப்பேர் பெட்டியும். வழியில் பாலம் எது வந்தாலும் நிறுத்தியாக வேண்டும். அப்பா இறங்கி, எட்டிப் பார்த்து, தண்ணீர் சரியாகப் போகிறதா என்று சோதித்துவிட்டுத்தான் ஏறுவார். பள்ளிக்கூட வாசலில் தாமதத்துக்காகத் தினமும் எங்களுக்கு அர்ச்சனை. மூத்தவளுக்கு வெட்கம், முந்தின தெருவிலேயே இறங்கிக்கொள்கிறாள். சின்னவளைத் தாத்தா தன் கிளார்க்காக நியமித்துவிட்டார். அவளும் "ஆமாம் சார், எழுதிட்டேன் சார்" என்கிறாள்.

உன் தம்பி மனைவிக்கு முதுகுவலி. பள்ளத்தில் விழுந்தால் எலும்பெல்லாம் இடம் மாறுகிறதாம். இப்போது வங்கிக்கு பஸ்ஸில் போகிறாள்.

அப்பா உன்னைக் கேட்கிறாரா என்றாய். கேட்பதில்லை அக்கா. அவரைப் பொறுத்தவரை நீ இங்கேதான் இருக்கிறாய். தட்டை எடுத்துவைக்கிற என் மனைவியை, உன்னைக் கூப்பிடுகிற மாதிரியே "பாப்பா" என்று கூப்பிடுகிறார். அவளும் திருத்துவதில்லை. "என்னப்பா" என்று கேட்டுக்கொண்டே ஊட்டிவிடுகிறாள்.

உன் தம்பி

---

ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை ஆய்வகத்தின் சாமான் அறையில் நின்று படித்தேன். என் பெயருக்கு இன்னொருத்தி "என்னப்பா" என்கிறாள். அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனோ மனசு வரவில்லை. இதை அவளிடம் சொல்லாதே.

ஒரு வழியாக லீவு வாங்கிவிட்டேன். மே மாதம் வருகிறேன். நேரில் பார்த்தால் அப்பாவுக்கு என்னைத் தெரியும். நீ வேண்டுமானால் பார்.

அக்கா

---

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். நீ எடுத்துவந்த சட்டையைத்தான் அப்பா இன்று போட்டிருக்கிறார்.

உன்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்று கும்பிட்டதை என்னாலும் மறக்க முடியவில்லை. மேலதிகாரியின் மனைவி என்று நினைத்து, முன்சீட்டை உனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தாரே, அப்போது உன் முகத்தைப் பார்க்காமல் நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் கிளம்புகிற அன்று நீ வாசலில் நின்று சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. "என்னிக்காவது இந்த வண்டியே அவரச் சாய்ச்சிடும் பாரு" என்றாய். வருத்தத்தில் வந்த வார்த்தை. போகட்டும்.

ஆனால் வண்டியை ஏன் விற்க மாட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உன்னை விமானத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அப்பா மடியிலிருந்த ஃபைலை மூடிவைத்தார். பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"எனக்கும் ஒரு பையன் இருக்கான், டிரைவர். காலேஜப் பாதியில விட்டுட்டான்னு கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன். அதுக்கப்புறம் அவன் என்னை வந்து பாக்கவே இல்ல."

எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். தெரியாது என்றார். கொஞ்ச தூரம் போனதும், "நீ நாலு இடம் போறவன். எங்கியாவது பாத்தேன்னா, சாருக்குக் கோவமில்லன்னு சொல்லு" என்றார்.

"சொல்றேன் சார்" என்றேன்.

அக்கா, அவர் இதை மகனிடம் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார். டிரைவரிடம்தான் சொல்வார். இந்த வேலையை நான் எப்படி விடுவேன்?

உன் தம்பி

---

ஆகஸ்ட் 20

அக்கா,

போனிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ஆனால் எப்படி நடந்தது என்று நீ கேட்டபோது போனை என் மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் வழக்கமான பாலம்தான். எப்போதும் நான் சுற்றிவந்து கை கொடுப்பேன், அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். அன்று பின்னால் சின்னவள், பை பெஞ்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டது என்று அழுதாள். திரும்பி அதை எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் அவரே இறங்கிவிட்டார். படி ஈரமாக இருந்தது.

இடுப்பெலும்புக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. இப்போது நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்கிறார்கள். கண்ணைத் திறந்தால் வண்டி எங்கே என்று கேட்கிறார். வெளியே நிற்கிறது சார் என்கிறேன்.

நீ சொன்னது பலித்துவிட்டது.

தம்பி

---

அக்டோபர் 25

அன்புத் தம்பிக்கு,

அப்பா போன பிறகு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் நீ பதில் எழுதவில்லை. போன் செய்தால் உன் மனைவிதான் எடுக்கிறாள். நீ வேலைக்குப் போயிருக்கிறாய் என்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகூட. ஜீப்பைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டாயாம், கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகிறாயாம். சின்னவள் தார்ப்பாய்க்குள் புகுந்து முன்சீட்டில் உட்கார்ந்துகொள்கிறாளாம்.

அப்பாவைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்த அன்று நாம் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நான் உன்மேல் கோபமாக இருந்தேன் என்று நினைக்கிறாய். பொய் சொல்ல மாட்டேன், இருந்தேன். விமானத்தில் வரும்போது முழுக்க இருந்தேன். வீட்டுக்குள் வந்து, உன் தோளில் சட்டை ஒரு பக்கம் மட்டும் நைந்திருப்பதைப் பார்த்ததும் போய்விட்டது. அவர் பிடித்துப் பிடித்து இறங்கிய பக்கம் அது. அப்போதே உன் பக்கத்தில் வந்து நின்றிருக்க வேண்டும். நிற்கத் தெரியவில்லை.

மே மாதம் நான் அங்கே இருந்தபோது, ஒருநாள் காய் வாங்க நீ மார்க்கெட் வாசலில் இறங்கினாயே, அப்போது வண்டியில் நானும் அப்பாவும் மட்டும். பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டார்.

"அம்மா, ஐயாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். இந்த டிரைவர மட்டும் வேற ஊருக்கு மாத்திட வேண்டாம். நானும் எத்தனையோ பேரப் பாத்துட்டேன். இவன் ஓட்டினாத்தான் எனக்குக் கண்ண மூடி உக்கார முடியுது."

சொல்கிறேன் என்றேன். அவர் கைகூப்பினார்.

அன்றைக்கே உன்னிடம் இதைச் சொல்லியிருக்கலாம். பெற்ற மகளைத் தெரியவில்லை, டிரைவரை மட்டும் இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று வயிறு எரிந்தது.

இப்போது சொல்லிவிட்டேன். உடனே பதில் எழுத வேண்டும் என்றில்லை. வண்டியை அப்படியே போட்டுவைக்காதே, பேட்டரி இறங்கிவிடும். வாரம் ஒருமுறையாவது ஸ்டார்ட் செய். முடிந்தால் சின்னவளை ஏற்றிக்கொண்டு இரண்டு தெரு போய்வா.

அக்கா